எட்டாம் நம்பர், சிவப்பு

சிறையிலிருந்து வெளியே வரப்போகும் பெண்களிடம் மிஸ் லூவெனியா முதலில் எழுதிக் கேட்பது கால் அளவைத்தான். என்ன குற்றம், எத்தனை வருஷம் என்றெல்லாம் கேட்கமாட்டார். அவர் பத்தொன்பது வருஷம் உள்ளே இருந்து வெளியே வந்த அன்று, சிறையில் கொடுத்த ஷூவின் அடி பஸ் ஏறுவதற்குள் கழன்றுவிட்டது. செல்மா நகரில் வெறுங்காலோடு இறங்கினார். கூட்டிப்போக ஒருவரும் வரவில்லை.

நான் வெளியே வந்த அன்று எனக்கு ஒன்பதாம் நம்பர் ஷூ, நீலம் வாங்கி வந்தார். எனக்கு நீலம் பிடிக்காது, சொன்னேன். "வாயைப் பாரு இவளுக்கு! போட்டுக்கிட்டு கார்ல ஏறுடி" என்றார். அன்றிலிருந்து எங்களைப் போன்றவர்களுக்காக அவர் நடத்தும் வீட்டில்தான் இருக்கிறேன்.

வெர்டெல் அவருடைய சிறைத்தோழி. இருவரும் ஒரே அறையில் இருந்தவர்கள். மிஸ் லூவெனியாவின் அம்மா இறந்த சேதி வந்த ராத்திரி அவரைக் கட்டிப்பிடித்தபடி விடிய விடிய உட்கார்ந்திருந்தவர். சிறையில் இருந்தவள் திரும்பப் போய் இன்னொரு கைதியைப் பார்க்கக்கூடாதாம். அதனால் பதினோரு வருஷமாகக் கடிதம் மட்டும்தான். அதற்குள் சர்க்கரை வியாதியில் வெர்டெலின் வலது காலை எடுத்துவிட்டார்கள். பிறகு சிறுநீரகமும் கெட்டது.

சாகக்கிடக்கும் கைதிகளை வீட்டுக்கு அனுப்பச் சட்டம் வேண்டும் என்று மிஸ் லூவெனியா நாலு வருஷம் சட்டசபைப் படியேறினார். ஒருநாள் அவர் பேசும்போது உறுப்பினர் ஒருவர் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார். "நீங்க முடிச்சிட்டு வாங்கய்யா. எனக்குக் காத்திருந்து பழக்கம்தான்" என்றார் மிஸ் லூவெனியா. ஒருவழியாகச் சட்டம் வந்தது. வெர்டெலுக்கு விடுதலையும் கிடைத்தது.

வெர்டெல் எழுதியிருந்தார்: "எட்டாம் நம்பர். இடது கால் மட்டும் போதும். பாதி விலைக்குக் கேளு."

மிஸ் லூவெனியா கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தார். ஆனால் ஜோடியாகத்தான் வாங்கினார், நல்ல சிவப்பு. சன்னலோரக் கட்டில் என்னுடையது. அதை வெர்டெலுக்காக முணுமுணுத்துக்கொண்டே விட்டுக்கொடுத்தேன்.

செவ்வாய்க்கிழமை காலை ஏழு மணிக்கே சிறை வாசலில் நின்றோம். பத்தரைக்கு ஒரு காவலர், சின்னப் பெண், தாளைப் புரட்டினாள்.

"அவங்க ஞாயித்துக்கிழமையே இறந்துட்டாங்களே. உங்களுக்குச் சொல்லலையா?"

"யாரும் சொல்லல" என்றார் மிஸ் லூவெனியா.

"நீங்க அவங்களுக்கு என்ன உறவு?"

சட்டசபையில் அத்தனை பேருக்கு முன்னால் பேசியவர், ஷூப் பெட்டியைத் திறந்து அவளிடம் காட்டினார். "கூடப் பொறக்கல, அவ்வளவுதான்!" என்று நான்தான் கத்தினேன்.

டெட்ராய்ட்டில் இருக்கும் வெர்டெலின் அண்ணன் மகன் கையெழுத்துப் போட்டு அனுப்பியதால் உடலாவது கிடைத்தது. இல்லாவிட்டால் சிறைக்குப் பின்னால் புதைத்து, மேலே பேருக்குப் பதில் நம்பர் எழுதிய கல்தான்.

சவப்பெட்டியின் மூடி இடுப்புவரை மூடியிருக்கும், கால் தெரியாது, ஷூ எதற்கு என்றார் அடக்க வேலை பார்ப்பவர்.

"தெரியாட்டி என்ன? அவ வெளிய வந்திருக்கா. வெறுங்காலோட போகமாட்டா."

மிஸ் லூவெனியா தானே குனிந்து இடது காலில் ஷூவை மாட்டி, நாடாவை இரண்டு முடிச்சாகக் கட்டினார். வலது கால் ஷூவை என்ன செய்வதென்று தெரியாமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"நீ சொன்ன மாதிரி பாதி விலைக்குக் கேட்டிருக்கணும்டி, வெர்டெல்" என்றார். அதை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அழுதார்.