மூன்றாவது குரலுக்குக் காத்திருந்த காலை

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இருபத்தைந்து வருடம் விசைப்படகில் கூலிக்குப் போனேன். நான் போய்க்கொண்டிருந்த படகை ஒருநாள் எல்லைக்கு அந்தப் பக்கம் இலங்கை நேவிக்காரர்கள் பிடித்துக்கொண்டு போய்விட்டார்கள். அன்று எனக்குக் காய்ச்சல், படகில் இல்லை. ஆட்கள் திரும்பி வந்தார்கள், படகு வரவில்லை. நாற்பத்தாறு வயதில் இன்னொரு படகில் இடம் கேட்டுப் போய் நிற்க எனக்கு வாய் வரவில்லை. கூச்சம் என் கூடவே பிறந்தது.

அப்போதுதான் தொண்டிக்காரர் ஒருவர் போன் செய்தார். துபாயில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளில் சமைத்துவிட்டு ஊர் திரும்பியவர். உறவு எதுவும் கிடையாது. இருந்தாலும் நான் அவரை மச்சான் என்பேன், அவர் என்னை மாப்ள என்பார்.

"கொச்சியிலருந்து ஒரு யாட் வந்து பாம்பன்ல பாலம் திறக்கக் காத்துக் கெடக்கு மாப்ள. நாந்தான் சமையல். டெக்குல நின்ன ஆளு பாதியில எறங்கிட்டான். வாரியா?"

போனேன். வெள்ளைப் படகு, பாய்மரம் பனையைவிட உயரம். கேப்டன் சென்னைக்காரர், கப்பலில் இருந்து ஓய்வு பெற்றவர். என்னை மேலும் கீழும் பார்த்தார். நாகப்பட்டினம் வரை என்னைப் பார்ப்பாராம். சரிப்பட்டால் காகிதம் எல்லாம் போட்டு அந்தமான் வரை கூட்டிப்போவார், அதற்குப் பிறகும் வேலை உண்டு. சரிப்படாவிட்டால் நாகப்பட்டினத்தில் இறக்கி பஸ் ஏற்றிவிடுவார்.

வேலை எனக்குக் கஷ்டமாக இல்லை. கயிறும் நங்கூரமும் தெரிந்தவைதான். பேச்சுதான் கஷ்டம். அங்கே கேப்டன் ஒன்று சொன்னால் அதையே நாம் சத்தமாகத் திருப்பிச் சொல்ல வேண்டும். அணியத்தில், அதாவது படகின் முன்மூக்கில் நிற்பவன் கண்ணில் பட்டது, காதில் பட்டது எல்லாவற்றையும் கத்திச் சொல்ல வேண்டும். நான் தலையை ஆட்டினேன்.

"உனக்கு வாய் இருக்காய்யா?" என்றார் கேப்டன்.

"இருக்கு சார். சோத்தைக் கண்டாத்தான் தெறக்கும்" என்றார் மச்சான் உள்ளேயிருந்து.

நான் ஏறிய ஆறாம் நாள் பாலத்தின் நடுத்துண்டு மேலே ஏறியது. வரிசையில் நின்ற படகுகளோடு நாங்களும் வடகடலுக்குள் போனோம். பிறகு கேப்டன் என்ஜினை நிறுத்திப் பாயை விரித்தார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. இருபத்தைந்து வருடமாக டீசல் சத்தத்துக்கு நடுவிலேயே கடலில் இருந்தவன் நான். கடலுக்கு இத்தனை சத்தம் உண்டு என்று அன்றுதான் தெரிந்தது. பலகைக்கு அடியில் யாரோ முணுமுணுப்பதுபோலத் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது. திருப்புகிற சக்கரம் ஆள் தொடாமல் தானாகவே கொஞ்சம் இடமும் கொஞ்சம் வலமும் அசைந்தது. மெஷின் செய்கிறது என்று மச்சான் சொன்னார். சொன்ன பிறகும் என்னால் அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை.

மறுநாள் காலை காரங்காடு என்ற கரையோர ஊருக்கு நேரே போகும்போது மூட்டம் இறங்கியது. தை மாதப் பனி. என் கை எனக்கே மங்கலாகத் தெரிந்தது. கேப்டன் சக்கரத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு என்னை அணியத்துக்கு அனுப்பினார்.

"கண்ணு வேலைக்காகாது. காதை வச்சுக் கேளு. எது கேட்டாலும் கத்து."

கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முன்னால் இருந்து ஒரு ஆண்குரல் கேட்டது.

"ஏலே..."

ஆபத்தில் கத்துகிற குரல் இல்லை. பக்கத்துப் படகுக்காரனைச் சாப்பிடக் கூப்பிடுகிற மாதிரி, சாதாரணமான குரல்.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. கடலில் ஆள் தெரியாமல் குரல் மட்டும் வந்தால் ஒரு தரத்துக்குப் பதில் கொடுக்கக் கூடாது. இரண்டு தரத்துக்கும் கூடாது. மனுசன் என்றால் மூன்றாவதும் கூப்பிடுவான். அது மனுசனாக இல்லாவிட்டால் பதில் கொடுத்தவனைத்தான் தேடும். இதை எனக்கு யாரும் சொல்லித்தந்த ஞாபகம் இல்லை. எல்லோரும் அப்படித்தான் செய்வோம்.

நான் வாயை மூடிக்கொண்டு சிலுவை போட்டேன்.

"ஏலே..."

இன்னும் கிட்டத்தில். கேப்டனைத் திரும்பிப் பார்த்தேன். பனியில் அவருடைய தொப்பி மட்டும் தெரிந்தது. அவர் கத்தச் சொல்லியிருக்கிறார். ஆனாலும் மூன்றாவதுக்குக் காத்திருந்தேன்.

மூன்றாவது குரல் என் காலடியில் இருந்து வந்ததுபோல இருந்தது. "ஆங், என்னலே!" என்று முழுத் தொண்டையில் கத்தினேன். கேப்டன் சக்கரத்தை ஒடித்துத் திருப்பினார். படகு சாய்ந்தது. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் ஒரு வத்தை, எங்கள் பக்கத்துச் சின்ன மரப்படகு, வலப்பக்கமாக நழுவிப் போனது.

அதில் ஆள் இல்லை.

ஈர வலையும் தண்ணீர் இறைக்கிற ஒரு டப்பாவும் கிடந்தன. அறுந்த கயிறு பின்னால் இழுபட்டது. ஒரு மணி நேரம் சுற்றிச் சுற்றிக் கூப்பிட்டுப் பார்த்தோம். கேப்டன் ரேடியோவில் கரைக்குச் சொன்னார். மத்தியானம் பதில் வந்தது. காரங்காட்டு வத்தை, விடியலில் கயிறு அறுந்து மிதந்து போயிருக்கிறது. வத்தைக்காரர் வீட்டில் இருக்கிறார். ஊரில் யாரும் காணாமல் போகவில்லை, அன்று யாரும் கடலுக்கே போகவில்லை.

கேப்டன் என்னைக் கூப்பிட்டார். "எப்ப பார்த்த?"

குரலுக்காகக் காத்திருந்தேன் என்று சொன்னால் அடுத்தது பஸ்தான். "அப்பத்தான் சார், கிட்ட வந்தப்புறந்தான் தெரிஞ்சுச்சு" என்றேன்.

"கண்ணு பரவாயில்ல. வாய்தான் லேட்டு. இன்னும் கொஞ்சம் லேட்டா கத்தியிருந்தா அதுமேல ஏறியிருப்போம். இன்னொரு தடவை பார்ப்பேன், அவ்ளோதான்."

அன்று அங்கேயே நங்கூரம் போட்டோம். சமையலறையில் மச்சான் வெங்காயம் உரித்துக்கொண்டே தலை தூக்காமல் கேட்டார்.

"எத்தன தரம் கூப்புட்டுச்சு மாப்ள?"

நான் கிட்டப் போனேன். "ஒனக்கும் கேட்டுச்சா?"

"ரெண்டு தரம். நானும் மூணாவதுக்குத்தான் பாத்துக்கிட்டு இருந்தேன். வரல. நீ கத்துனதுதான் கேட்டுச்சு."

"வந்துச்சு மச்சான். எங்காலுகிட்டயே வந்துச்சு."

"யா அல்லா" என்றவர் கத்தியைக் கீழே வைத்தார். "அப்ப நீ யாருக்கு மாப்ள பதில் சொன்ன?"

அன்று இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை.

மறுநாள் காலையும் அதே மூட்டம். நங்கூரத்தைத் தூக்கிவிட்டு அணியத்தில் போய் நின்றேன். இன்று தவறினால் வேலை இல்லை என்பது மட்டும்தான் மனதில் இருந்தது. மெதுவாக நகர்ந்தோம். அரைமணி நேரம் போயிருக்கும்.

"ஏலே..."

ஒரே ஒரு தரம். நேற்றுக் கேட்ட அதே குரல்.

"கேப்டன், முன்னால குரல்!" என்று கைகாட்டிக் கத்தினேன்.

படகு நின்றது. காத்திருந்தோம். முன்னால் எண்ணெய் ஊற்றியதுபோல வெறும் தண்ணீர். எதுவும் வரவில்லை, எதுவும் கூப்பிடவில்லை.

கேப்டன் முகத்தில் முதல் தடவையாகத் திருப்தியைப் பார்த்தேன். "ஒண்ணும் இல்லன்னாலும் பரவாயில்ல. இப்படித்தான் உடனே சொல்லணும். உன் பேரை ஆள் லிஸ்ட்ல ஏத்திடறேன், அந்தமானுக்கு வா" என்றார்.

"அந்தமானுக்கு வாரேன் கேப்டன்" என்று சத்தமாகத் திருப்பிச் சொன்னேன்.

சமையலறை வாசலில் மச்சான் நின்றிருந்தார். என்னைப் பார்த்தார், நான் கைகாட்டிய தண்ணீரைப் பார்த்தார். இந்தத் தடவை அவருக்கு ஒன்றுமே கேட்கவில்லை என்பது அவர் நின்ற விதத்திலேயே தெரிந்தது.