கேமராவுக்கு இந்தப் பக்கம்

இன்டர்நெட்டில் நடிப்பு சொல்லிக்கொடுக்கும் தொழிலுக்கு முதல் தேவை கரண்ட். திறமையெல்லாம் அது வந்த பிறகுதான்.

பிராட்பேண்ட் திண்டுக்கல்லுக்கு வந்த புதிதில் நடந்தவை இவை. நாகல் நகரில் ஒரு தையல் கடைக்கு மேலே அந்தோணி அண்ணன் பிரவுசிங் சென்டர் வைத்திருந்தார். சீரியல்களில் அக்கா வேஷம், அண்ணி வேஷமெல்லாம் செய்து ஓய்ந்துபோய்ச் சென்னையில் இருந்த ஒரு மேடத்தை எப்படியோ பிடித்து, நடிப்பு, மாடலிங், தயக்கமில்லாமல் பேசுவது என்று மூன்றுக்கும் வெப்கேமில் வகுப்பு ஆரம்பித்தார். மேடம் அங்கே தன் வீட்டில் உட்கார்ந்திருப்பார். மாணவர்கள் இங்கே பிளைவுட் தடுப்புக்குள் உட்கார்ந்திருப்பார்கள். நடுவில் நான். என் வேலைக்கு ஒருங்கிணைப்பாளர் என்று போர்டில் பெயர் போட்டிருந்தது. கம்ப்யூட்டரைப் போடுவது, வெப்கேமைத் திருப்புவது, மைக் வயரை ஆட்டிப் பார்ப்பது, சாயங்காலம் அறையைப் பெருக்குவது எல்லாம் அதில் அடக்கம்.

எனக்கு ஊர் குஜிலியம்பாறைப் பக்கம். கம்ப்யூட்டர் படித்ததற்கு ஒரு வேலை கிடைத்ததே என்று வீட்டில் நினைத்துக்கொண்டார்கள். நான் சேர்ந்ததோ நடிக்க ஆசைப்பட்டு. வேலை பார்த்துக்கொண்டே நீயும் கற்றுக்கொள்ளலாம் என்று அண்ணன் சொன்ன ஒரு வார்த்தையை நம்பித் தினமும் பஸ் ஏறினேன். கதவைத் தாழ்ப்பாள் போட்டுவிட்டுக் கண்ணாடி முன்னால் நின்று அழுது பார்த்தவர்கள் உங்களில் இருந்தால், அவர்களுக்கு நான் மேற்கொண்டு விளக்க வேண்டியதில்லை. நீங்களும் நம் ஆள்தான். எனக்கு வேண்டியிருந்தது இவ்வளவுதான்: ஒரே ஒரு தடவை ஒரு காட்சியை முழுசாக நடிக்க வேண்டும், மேடம் அதைப் பார்க்க வேண்டும்.

வெளிச்சம் பார்க்க ஒரு முகம்

வகுப்பு தொடங்குவதற்கு முன்னால் மேடம் வெளிச்சம் சரிபார்ப்பார். அதற்கு யாராவது நாற்காலியில் உட்கார வேண்டும். மாணவர்கள் வெளியே காத்திருப்பார்கள் என்பதால் நான்தான் உட்காருவேன். முதல் நாள் இது தெரிந்ததும் எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் தலைக்குக் குளித்து, மல்லிகைப்பூ வைத்து, இருப்பதிலேயே நல்ல சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன்.

மேடம் திரையில் வந்தார். இடது பக்கம் திரும்பு என்றார், திரும்பினேன். நாடியைத் தூக்கு என்றார், தூக்கினேன். கொஞ்சம் பின்னால் போ என்றார். ஒவ்வொன்றையும் ஏதோ படத்தில் எனக்கு வைத்த காட்சி என்று எண்ணிக்கொண்டு செய்தேன். திரும்பும்போது லேசாக ஒரு சோகம்கூடக் காட்டினேன். அவர் செத்த நேரம் என் முகத்தையே உற்றுப் பார்த்தார். யாரும்மா நீ, முகம் நல்லா இருக்கே என்று கேட்கப்போகிறார் என்று மூச்சைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். மேடம் சொன்னார்: "டியூப்லைட் போதும். ஆள உள்ள அனுப்பு."

ஏலம் கூறுகிறவரின் மென்மையான குரல்

கந்தசாமி அண்ணனுக்கு வயது ஐம்பதுக்குப் பக்கம். கீரனூர்க்காரர், ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் காய்கறி ஏலம் கூறுகிறவர். மார்க்கெட் லீவு நாளில் வெள்ளை வேட்டி சட்டையில் வந்து இறங்குவார். மேடம் அவருக்குக் கொடுத்த முதல் காட்சி இதுதான்: ஆஸ்பத்திரிக் கட்டிலில் மனைவி சாகக் கிடக்கிறாள், கணவன் அவள் காதோரம் குனிந்து, "பயப்படாதே, நான் இருக்கேன்" என்று சொல்ல வேண்டும்.

அவர் சொன்னார். திரையில் மேடம் ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் போட்டுவிட்டுக் காதைத் தேய்த்துக்கொள்வது தெரிந்தது. கீழே இருந்து டெய்லர், கழுத்தில் தொங்கும் டேப்போடு, யாருக்கும் யாருக்கும் சண்டை என்று கேட்டுக்கொண்டே மாடிப்படி ஏறி வந்துவிட்டார். மெதுவாக, இன்னும் மெதுவாக என்று மேடம் சொல்லச் சொல்ல, கந்தசாமி அண்ணனுக்கு வேர்த்து ஊற்றியதே தவிர குரல் இறங்கவில்லை. அந்த நோயாளிக்குக் கொஞ்சம் உயிர் இருந்திருந்தால் எழுந்து ஓடியிருப்பாள்.

வகுப்பு முடிந்ததும் தண்ணீர் கொடுத்துவிட்டு, இத்தனை கஷ்டப்பட்டு உங்களுக்கு எதற்கண்ணே நடிப்பு என்று கேட்டேன். அவர் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தார். பிறகு சொன்னார்: "ஏனுங்க அம்மிணி, இத்தன வருசமா அத்தன சனமும் என் தொண்டையத்தானுங்க கேக்குது. மூஞ்சிய ஒருத்தரும் பாத்ததில்லீங்க, எல்லாரும் தக்காளியத்தான் பாக்கறாங்க."

அன்று பஸ்ஸில் ஊர் போய்ச் சேரும்வரை எனக்கு அதே நினைப்பு.

ஸ்டெல்லாவின் நடை

ஸ்டெல்லா டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றாள். நல்ல உயரம். மாடலிங் படிக்க வந்தாள். எங்கள் நெட் வேகத்துக்கு ஆள் நடந்தால் திரையில் படம் கலங்கிப்போகும். ஸ்டெல்லா சுவரோரம் போய்ச் சேர்ந்த பிறகும் சென்னையில் அவள் கதவோரமே நின்றுகொண்டிருப்பாள். அதனால் மேடம் ஒரு வழி சொன்னார்: ஓர் அடி வை, நில், எனக்குப் படம் வரட்டும், அப்புறம் அடுத்த அடி வை. ஸ்டெல்லா அப்படியே பழகினாள். ஓர் அடி, நிற்பது, இடுப்பில் கை, பார்வை. மறுபடி ஓர் அடி.

பழக்கம் உடம்பில் ஊறிப்போயிற்று. கடையில் அலமாரியிலிருந்து சேலையை எடுத்துக்கொண்டு கஸ்டமரிடம் வரும்போதும் அதே நடைதான். எரியோட்டிலிருந்து கல்யாணத்துக்கு ஜவுளி எடுக்க வந்திருந்த ஓர் அம்மா, அவள் நின்று நின்று வருவதைக் கடைசிவரை பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னாராம்: "ஏத்தா, கால்ல முள்ளுக் குத்திருச்சா? உக்காந்து புடுங்கிப் போட்டுட்டு வா, சேலைய அப்புறம் பாப்போம்."

பொட்டைப் பார்த்துப் பேசு

தயக்கமில்லாமல் பேசும் வகுப்பில் முதல் பாடம், எதிரில் இருப்பவரின் கண்ணைப் பார்த்துப் பேசுவது. அதில் ஒரு சிக்கல். திரையில் தெரியும் மேடத்தின் கண்ணைப் பார்த்தால், அங்கே அவருக்கு நாம் குனிந்து தரையைப் பார்ப்பதாகத் தெரியும். வெப்கேம் மானிட்டருக்கு மேலே அல்லவா உட்கார்ந்திருக்கிறது. நானே யோசித்து, வெப்கேமின் நெற்றியில் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் பொட்டு ஒட்டினேன். பொட்டைப் பார்த்துப் பேசு, அதுதான் மேடத்தின் கண் என்று எல்லாருக்கும் சொல்லி வைத்தேன். மேடத்துக்குப் பரம திருப்தி. ஆனால் எங்கள் மாணவர்கள் எல்லாரும், யாரோடு பேசினாலும் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்துப் பேசக் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

ஸ்டெல்லாவைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா கேட்டதற்கெல்லாம் அவள் திக்காமல், தெளிவாக, தலை நிமிர்ந்து, ஒரு சாண் மேலே பார்த்துப் பதில் சொன்னாள். அந்தம்மா திரும்பித் திரும்பிப் பின்னாலிருந்த சுவரைப் பார்த்தார். அந்தச் சம்பந்தம் நின்றுபோனது. ஸ்டெல்லா அதற்கு வருத்தப்படாமல், அவர்களுக்காகச் செய்த கேசரியில் மீதியை எனக்கு எடுத்து வந்து கொடுத்து, தரகரிடம் அந்தம்மா சொன்னதை அப்படியே நடித்துக் காட்டினாள்: "பொண்ணு நல்லாத்தான் பேசுது. ஆனா எனக்குப் பின்னாடி செவுத்துல யாருகூடப் பேசுதுன்னுதான் வெளங்கல."

எதிர் வசனம்

தனியாக யாரும் நடிக்க முடியாது. மகன் அழ வேண்டுமென்றால் அம்மா திட்ட வேண்டும். அந்த எதிர் வசனங்களைச் சொல்வதும் என் வேலையாகிவிட்டது. வெப்கேமுக்குப் பக்கத்தில் சுவரோரம் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொள்வேன். மாணவர் ஒரு வசனம் சொன்னால் நான் பதில் சொல்வேன். அம்மாவாக, போலீஸாக, காதலித்துக் கைவிட்டவளாக, வீட்டுக்காரியாக எல்லா வேஷமும் அந்த ஸ்டூலிலேயே கட்டினேன். படத்தில் நான் தெரிய மாட்டேன். பஸ்ஸில் வரும்போது எனக்குள் முணுமுணுத்துப் பார்த்து வைத்துக்கொள்வேன். பக்கத்துச் சீட்டில் இருப்பவர்கள் மெதுவாக நகர்ந்து உட்காருவார்கள்.

கந்தசாமி அண்ணனின் மனைவியாக நான் வாராவாரம் செத்தேன். ஒருநாள் அந்தக் காட்சியில் எனக்கு நிஜமாகவே அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்து அவருக்கும் கண் கலங்கி, முதல் தடவையாகக் குரல் இறங்கியது. மேடம் அங்கே கைதட்டினார். கந்தசாமி, பிரமாதம், எங்கிருந்து வந்தது இந்த உணர்ச்சி என்று கேட்டார். கந்தசாமி அண்ணன் என்னைக் கை காட்டினார். கை படத்துக்கு வெளியே போய்விட்டதால் மேடத்துக்குத் தெரியவில்லை.

அன்றைக்கு எனக்குத் தாங்கவில்லை. பிரிண்டரைக் கழற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்த அந்தோணி அண்ணனிடம் போய், எனக்கு எப்போது வகுப்பு என்று கேட்டுவிட்டேன். அவர் நல்ல மனுஷர், முகம் சுளிக்கவில்லை. நிமிர்ந்து பார்த்து, சிரித்து, அன்பாகவே சொன்னார்: "நீ நம்ம வீட்டுப் புள்ளம்மா. வெளியாளுக முடிக்கட்டும், நீ எப்ப வேணாலும் கத்துக்கலாம்."

எப்போது வேண்டுமானாலும் என்பது எப்போதும் வராத ஒரு கிழமை என்பது, வீட்டுப் பிள்ளையாக வேலை பார்த்த எல்லாருக்கும் தெரியும்.

மேடம் நேரில் வந்தார்

இப்படி மூன்று வருஷம் போனது. பழனிப் பக்கம் ஒரு சீரியல் ஷூட்டிங். அதில் ஒரு நர்ஸ் வேஷத்துக்கும், ஆஸ்பத்திரி வராந்தாவில் அழும் ஒரு பெரியவருக்கும் ஆள் தேவை என்று மேடம் திண்டுக்கல்லுக்கே வந்தார். திரையில் பார்த்ததைவிடக் குள்ளம். மாணவர்களை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லிக் கன்னத்தைத் தட்டினார். என்னைப் பார்த்து, ஏம்மா, ஒரு டீ கிடைக்குமா என்றார். வாங்கி வந்தேன்.

எல்லாரும் நடித்துக் காட்டினார்கள். ஒருவர் பாக்கியில்லாமல் எல்லாரும் மேடத்தின் தலைக்கு ஒரு சாண் மேலே பார்த்துத்தான் அழுதார்கள். மேடம் தன் மூக்கைத் தொட்டுக் காட்டி, இங்கே பாருங்கள், நான் இங்கே இருக்கிறேன் என்று சொல்லிச் சொல்லி ஓய்ந்தார். கடைசியில் நர்ஸ் ஸ்டெல்லா என்றும், பெரியவர் கந்தசாமி அண்ணன் என்றும் முடிவானது. கேக் வெட்டினார்கள். மேடம் கைப்பையை எடுத்துத் தோளில் மாட்டினார். இப்போது விட்டால் இனிமேல் இல்லை. குறுக்கே போய் நின்று, மேடம், நானும் ஒரு காட்சி செய்து காட்டட்டுமா என்று கேட்டேன். வேஷம் கொடுத்தாகிவிட்டதே என்றார். வேஷத்துக்காகக் கேட்கவில்லை, நீங்கள் பார்த்தால் போதும் என்றேன். அவர் வாட்சைப் பார்த்தார். பிறகு பையைக் கழற்றாமலே நாற்காலியில் உட்கார்ந்தார்.

அறைக்கு நடுவில் போய் நின்றேன். எத்தனை நாள் ஆசை. வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. அப்போதுதான் எனக்குத் தெரிந்தது: எனக்கு மனப்பாடமான வசனம் அத்தனையும் பதில் வசனம். ஒன்றைக்கூட நானாக ஆரம்பிக்க எனக்குத் தெரியாது. யாராவது முதலில் பேச வேண்டும். கீழே தையல் மெஷின் ஓடும் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. மேடம் ஸ்டெல்லாவைப் பார்த்தார். எனக்குக் கண்ணில் நீர் முட்டிவிட்டது. என்ன கோளாறு என்று கந்தசாமி அண்ணனுக்குப் புரிந்துவிட்டது. கேக் தட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போய், சுவரோரம் என் ஸ்டூலில் உட்கார்ந்தார். "பயப்படாதே, நான் இருக்கேன்" என்றார்.

அதற்குப் பிறகு எனக்குத் தடுமாற்றமில்லை. "எனக்கென்ன பயம், நீங்க சாப்டீங்களா?" என்று ஆரம்பித்து, அவர் ஒன்று சொல்ல நான் ஒன்று சொல்லி, அந்தப் பெண் சாகும்வரை செய்தேன். பொட்டைத் தேடாமல் மேடத்தின் கண்ணையே பார்த்துச் செய்தேன். முடிந்ததும் ஸ்டெல்லா என்னைக் கட்டிக்கொண்டாள். மேடம் பையை மடியில் இறக்கி வைத்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டு, என்னைத் தலையிலிருந்து கால்வரை ஒரு தடவை பார்த்தார். பிறகு கேட்டார்: "இத்தன நாளா நீ எங்கம்மா இருந்த?"

இப்போது யோசித்துப் பார்த்தால், அந்த அறையில் எல்லாரையும்விட நன்றாக நடித்தவள் நான்தான், மூன்று வருஷமும் ஒரு வகுப்புத் தவறாமல், ஆசையே இல்லாதவளாக.