கவிழ்த்துப் போட்ட கல்

ஜாஃபர் சார் காலமான செய்தியை அவர் தொழுத பள்ளிவாசலின் செயலாளரே தொலைபேசியில் சொன்னார். "நம்ம பள்ளியோட சரித்திரமே போயிடுச்சு சார்" என்றார். அந்தச் சரித்திரத்தைச் செயலாளர் எங்கே போட்டுவைத்திருக்கிறார் என்பதை நான் அறிவேன். ஜாஃபர் சாரை அறிந்த நீங்களும் அறியவேண்டும்.

ஒரே கல்லூரியில் அவர் வரலாறு, நான் இயற்பியல். ஆசிரியர் அறைக்குள் நான் நுழைந்ததும், "வாங்க ஸ்ரீரங்கத்துக்காரரே, பெருமாள் எழுந்தாச்சா?" என்பார். "உங்க குதிரையெல்லாம் வித்தாச்சா?" என்பேன். ஈரானிலிருந்து குதிரை விற்க வந்து திருச்சியிலேயே தங்கிவிட்ட குடும்பம் அவருடையது. ஷியா முஸ்லிம்களான அக்குடும்பங்கள் கட்டியதுதான் அந்தச் சிறிய பள்ளிவாசல்.

தொழுகையில் அவர்கள் மண்வில்லையின் மேல் நெற்றியை வைப்பார்கள். புனித நகரமான கர்பலாவிலிருந்து முன்னோர் கொண்டுவந்த வில்லைகள் உடைந்து தீர்ந்தபோது, காவிரி வண்டலில் புதிதாகச் செய்துகொண்டார்களாம். "நெத்தி வைக்க மண்ணு குடுக்குற ஊருதான் சார் சொந்த ஊரு" என்பார் ஜாஃபர் சார்.

பள்ளியின் வாசற்சுவரில் பாரசீக எழுத்துக் கல் ஒன்று இருந்தது. ஒரு நாள் அதன் அடியிலிருந்த சுண்ணாம்பைச் சுரண்டியபோது ஒரு தமிழ் வரி வெளிப்பட்டது: 'இடம் கொடுத்தவள் ஸ்ரீரங்கத்துப் பூக்காரி செல்லாயி.' கல்லின் மேல் ஈரத்தாளை ஒட்டி, மை ஒற்றி, இருவருமாகப் பிரதி எடுத்தோம். "பாத்தீங்களா, உங்க ஊருக்காரம்மா எங்களுக்கு முன்னாடியே உள்ள உக்காந்திருக்காங்க!" என்று மை படிந்த கையோடு என் தோளைத் தட்டினார். அந்தச் சட்டையை நான் வெளுக்கவே இல்லை.

பிறகு பள்ளிவாசலைப் புதுப்பித்தார்கள். நிர்வாகிகளின் பெயர் பொறித்த பளிங்குக்கல் சுவரில் ஏறியது. பழைய கல்லைக் கைகால் கழுவும் தொட்டியருகே கவிழ்த்து, கால் வைக்கும் மேடையாக்கினார்கள். ஜாஃபர் சார் கெஞ்சினார். "எழுத்து கீழதானே இருக்கு பாய், மிதிபடாது" என்றார் செயலாளர். அதன்பின் ஜாஃபர் சார் வீட்டிலேயே கைகால் கழுவிக்கொண்டு தொழப் போனார். அந்தக் கல்லில் ஒருநாளும் கால் வைக்கவில்லை.

மருத்துவமனையில் அவர் என்னிடம் கடைசியாகக் கேட்டது, "கல்லை நிமித்திட்டாங்களா சார்?" இல்லையென்றேன். பொய் சொல்லியிருக்கலாம், வரலாற்று ஆசிரியரிடம் அது முடியவில்லை.

இப்போது இரங்கல் கூட்ட மேடையில் சட்டமிட்டு வைக்க, என்னிடமிருக்கும் அந்தக் கல்லெழுத்துப் பிரதி செயலாளருக்கு வேண்டுமாம்.

"கல்லை நிமிர்த்துங்க, தரேன்."

"நாப்பதாம் நாள் முடியட்டும் சார், பாக்கலாம்."

நானும் பார்க்கிறேன். செல்லாயியின் பெயருக்குப் பக்கத்தில் ஜாஃபர் சாரின் கட்டைவிரல் ரேகை மையில் பதிந்திருக்கிறது. அந்தக் கல் நிமிரும்வரை இருவரும் ஸ்ரீரங்கத்தில், என் வீட்டில் இருப்பார்கள்.