அக்கா ஏன் மோர்மன் சபைக்குப் போனார்

அக்கா எங்களைப் பிரிந்து இன்று முப்பத்தொரு நாள். மவுண்ட் ரோஸ்கில் மண்டபத்துக்கு மதிய உணவுக்கு வந்து இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் நீங்கள் முதலில் அட்டைப் படத்தைப் பார்ப்பீர்கள். பிறகு என்னைப் பார்ப்பீர்கள். கேட்க நினைப்பதைக் கேட்காமல் சாப்பிடப் போய்விடுவீர்கள். சைவக் குடும்பத்தில் பிறந்து, கணிதத்தில் பட்டம் பெற்ற ஒரு பெண் ஒக்லாந்துக்கு வந்து மோர்மன் சபையில் ஏன் சேர்ந்தார்? அவரை ஏன் எரிக்காமல் அடக்கம் செய்தோம்? லண்டனில் இருக்கும் மாமா மட்டும் தொலைபேசியில் வாய்விட்டுக் கேட்டார். ஐந்து ஆண்டுகள் அக்காவோடு ஒரே வீட்டில் இருந்தவள் என்பதால் எனக்குத் தெரிந்ததை எழுதுகிறேன். தெரியாதவற்றைத் தெரியாது என்றே எழுதுகிறேன். அக்காவும் அப்படித்தான் விரும்பியிருப்பார்.

அக்கா மீசாலையில் எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாகப் பிறந்தார். ஒன்பது ஆண்டுகள் கழித்து நான் பிறந்தேன். ரயில்வேயில் வேலை பார்த்த அப்பா எனக்கு நான்கு வயதாக இருக்கும்போது காலமானார். அதன்பிறகு அம்மா தையல் மெஷினோடும் விரதங்களோடும் எங்களை வளர்த்தார். அக்கா பல்கலைக்கழகம் முடித்து, சாம்பியாவுக்கு ஆசிரியையாகப் போனார். என் படிப்புக்கும் கல்யாணத்துக்கும் தேவையானதெல்லாம் அங்கிருந்துதான் வந்தது. தன் கல்யாணத்தைப் பற்றி அவர் பேசவில்லை. நாங்களும் ஒரு வயதுக்கு மேல் கேட்பதை நிறுத்திவிட்டோம். அம்மா இறந்த தந்தி அக்காவின் கைக்குப் போய்ச் சேர்ந்தபோது எட்டாம் நாள். கிரியை எல்லாம் முடிந்துவிட்டது. அந்த எட்டு நாளும் தான் வழக்கம்போல் வகுப்பில் சிரித்துக்கொண்டு பாடம் நடத்தியதை அக்கா கடைசிவரை சொல்லிச் சொல்லி வருந்துவார்.

எண்பதுகளின் தொடக்கத்தில் ஒக்லாந்தில் மங்கரேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை கிடைத்து இங்கே வந்தார். எண்பத்துமூன்று ஆடிக் கலவரத்துக்குப் பிறகு கொழும்பில் இருக்க முடியாமல், அடுத்த ஆண்டு நானும் என் கணவரும் நான்கு வயது மகளும் அக்காவின் வீட்டுக்கு வந்து சேர்ந்தோம். வந்து இறங்கிய அன்று குசினியில் எல்லா அலுமாரியையும் திறந்து பார்த்தேன்.

“தேயிலை எங்கையக்கா வைச்சிருக்கிறியள்?”

“இல்லை.”

“முடிஞ்சு போச்சோ?”

“வாங்கிறேல்லை.”

“டொக்டர் வேண்டாமெண்டவரோ?”

“டொக்டரில்லை. நான் ஒரு சபையில சேர்ந்திட்டன். அங்கை தேத்தண்ணி, கோப்பி ஒண்டும் குடிக்கிறேல்லை. உங்களுக்கு நாளைக்கு வாங்கித் தாறன்.”

அவ்வளவுதான் சொன்னார். என் கணவர் என்னைப் பார்த்தார். களைப்பில் எனக்கு அழுகை வந்தது. எங்களைப் பெற்றவளும் இல்லை, ஊரும் இல்லை, இருந்த ஒரு அக்காவும் யாரோடோ போய்விட்டார் என்று தோன்றியது.

எப்படிப் போனார் என்பதைப் பிறகுதான் துண்டு துண்டாக அறிந்தேன். இங்கு வந்த முதல் குளிர்காலத்தில் அக்காவுக்குக் கொப்புளிப்பான் அம்மை வந்திருக்கிறது. வாடகை வீட்டில் தனியாக, திரைச்சீலையை இழுத்து மூடிக்கொண்டு கிடந்திருக்கிறார். பக்கத்து வீட்டில் இருந்தவர் மெலே என்ற தொங்கா நாட்டுப் பெண். அவருடைய கணவருக்கு விமான நிலையத்தில் சரக்கு ஏற்றும் வேலை. பிள்ளைகள் ஏழு பேர், அவர்களில் மூவர் அக்காவிடம் கணிதம் படித்தவர்கள். டீச்சர் மூன்று நாளாகப் பள்ளிக்கு வரவில்லை என்று பிள்ளைகள் சொல்ல, மெலே கதவைத் தட்டினார். கோழி சூப் கொண்டுவந்தார். அக்கா இறைச்சி சாப்பிடமாட்டார் என்று அறிந்ததும் அதைத் திருப்பிக் கொண்டுபோய், பூசணிக்காயில் வேறு செய்து கொண்டுவந்தார். பத்து நாள் அப்படி வந்தார். ஒரு தடவைகூடச் சமயம் பேசவில்லை. “பேசியிருந்தால் கதவைப் பூட்டியிருப்பன்” என்று அக்கா சிரிப்பார்.

உடம்பு தேறியதும் அக்காவேதான் கேட்டார், நீங்கள் எல்லாரும் ஞாயிற்றுக்கிழமை எங்கே போகிறீர்கள் என்று. பிறகு மெலே வீட்டில் வெள்ளைச் சட்டை, கழுத்துப்பட்டி, சைக்கிள் சகிதம் இரண்டு அமெரிக்க இளைஞர்கள் அறிமுகமானார்கள். சட்டையில் குத்தியிருந்த அட்டையில் ‘எல்டர்’ என்று இருந்தது. “பத்தொன்பது வயசில மூப்பரோ?” என்று அக்காவுக்கு முதல் கேள்வி வந்தது. அதிலிருந்து ஒரு வருடம் கேள்விதான். தினம் ஒரு கேள்வியைத் தாளில் எழுதி வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். ஆள் மாறி ஆள் வந்தார்கள், கேள்விகள் மாறவில்லை.

அதில் ஒன்று கடினமானது. சில ஆண்டுகளுக்கு முன்வரை அந்தச் சபையில் கறுப்பின ஆண்களுக்குக் குருத்துவம் கொடுப்பதில்லை. சாம்பியாவில் பத்து ஆண்டுகள் கறுப்பினப் பிள்ளைகளுக்குப் படிப்பித்த அக்காவுக்கு அது நெஞ்சில் முள்ளாக இருந்தது. இளைஞர்கள் திணறினார்கள். கடைசியில் பிஷப்பிடமே போய்க் கேட்டார். பிஷப் என்றதும் நீளமான அங்கி போட்டவரை நினைக்க வேண்டாம். அவர்களுக்குள் சம்பளம் வாங்கும் குருமார் இல்லை. அந்த வட்டாரத்தின் பிஷப் வாரநாளில் வீடுகளுக்கு மின்சார வேலை செய்கிற ஒரு மாவோரி மனிதர். அவர், “எனக்குத் தெரியாது. எனக்கும் அது வலித்தது” என்றார். வேறு விளக்கம் சொல்லவில்லை. அக்கா அடுத்த மாதம் ஞானஸ்நானம் பெற்றார். அந்தத் ‘தெரியாது’ தனக்குப் போதுமாக இருந்தது என்பார். அது எப்படிப் போதும் என்று நான் பல தடவை கேட்டிருக்கிறேன். இன்றுவரை எனக்கு முழுதாக விளங்கவில்லை.

விளங்காவிட்டாலும் பார்க்க ஆசையாக இருந்தது. ஒரு ஞாயிறு மகளையும் கூட்டிக்கொண்டு போனேன். சிலுவை இல்லை, சிலை இல்லை, மெழுகுதிரியும் இல்லை. பள்ளிக்கூட மண்டபம் போல இருந்தது. பிய்த்த பாண் துண்டுகளையும் தண்ணீரையும் தட்டில் வைத்து வரிசை வரிசையாகக் கொண்டுவந்தார்கள். பிரசங்கம் செய்தவர் ஒரு பஸ் சாரதி. அடுத்துப் பேசியவர் அவருடைய மனைவி. தொங்கா, சமோவா, மாவோரி, வெள்ளையர் எல்லாரும் ஒரே பாட்டை உரத்துப் பாடினார்கள். நடுவில் சேலையுடன் அக்கா. மூன்று மணித்தியாலம் முடியும்போது என் மகளை எட்டுப் பேர் மாறி மாறித் தூக்கிவிட்டார்கள். மாதத்தின் முதல் ஞாயிறு அவர்கள் இரண்டு வேளை உண்ணாமல் இருப்பார்கள். “இதுக்கு மட்டும் எனக்கு ஆரும் பழக்கத் தேவையில்லை” என்று அக்கா சொல்லுவார். அன்று விரும்பியவர்கள் எழுந்து சாட்சி சொல்லலாம். எல்லாரும் ‘இது உண்மையென்று எனக்குத் தெரியும்’ என்று தொடங்குவார்கள். இன்னொரு தடவை நான் போயிருந்தபோது அக்கா எழுந்து, ‘எனக்கு இன்னும் தெரியாது, தெரிந்துகொள்ள விருப்பம்’ என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். யாரும் முகம் சுளிக்கவில்லை. எனக்குத்தான் வியர்த்தது.

குடும்பம், குடும்பம் என்று ஓயாமல் பேசும் சபை அது. கணவனும் பிள்ளைகளும் இல்லாத ஒரு பெண் அங்கே எப்படி இருந்தார் என்றும் யோசித்திருக்கிறேன். திங்கட்கிழமை மாலை ஒவ்வொரு வீட்டிலும் குடும்பமாகக் கூடிப் பாடி, விளையாடி, ஏதாவது இனிப்புச் சாப்பிடுவது அவர்கள் வழக்கம். நாங்கள் வருவதற்கு முன் அக்கா திங்கட்கிழமைகளில் என்ன செய்தார் என்று கேட்டேன். “சோதனைத் தாள் திருத்தினன்” என்றார். நாங்கள் வந்தபிறகு திங்கள் மாலை எங்களோடு கரம்போர்ட் விளையாடினார். என் மகள் அதை ‘பெரியம்மாஸ் மண்டே’ என்பாள்.

இனி, உங்களில் சிலர் அரைகுறையாகக் கேள்விப்பட்ட விஷயத்துக்கு வருகிறேன்.

இறந்துபோன முன்னோரின் பெயர்களைத் தேடி எழுதி, ஹமில்டன் பக்கத்தில் இருக்கும் தங்கள் கோயிலில், உயிரோடு இருக்கும் ஒருவர் அவர்களுக்குப் பதிலாகத் தண்ணீரில் மூழ்கி ஞானஸ்நானம் பெறுவது அவர்களுடைய முக்கியமான வழக்கம். பெண்ணுக்குப் பெண், ஆணுக்கு ஆண். அப்படிச் செய்தால் குடும்பம் மறுமையிலும் பிரியாது என்பது நம்பிக்கை. ஒருநாள் அக்கா மேசையில் ஒரு படிவத்தை வைத்துக்கொண்டு, அம்மம்மாவின் முழுப் பெயர் என்ன, அம்மா பிறந்தது எந்த ஆண்டு என்று சாதாரணமாகக் கேட்டார். சொல்லிக்கொண்டு போன எனக்குப் பாதியில்தான் பொறி தட்டியது.

“இது ஏனக்கா?”

“அம்மாவுக்கு.”

“அம்மா ஒருநாள் திருநீறில்லாமல் இருந்தவவோ? செத்தபிறகு அவவைத் தண்ணிக்குள்ள தாட்டுக் கிறிஸ்தவம் ஆக்கப்போறியளோ?”

“நானடி தாழப்போறன். அம்மா வேணுமெண்டால் ஏற்கலாம், வேண்டாமெண்டால் விடலாம். அங்கையும் அவவுக்குச் சுதந்திரம் இருக்கெண்டுதான் சொல்லுறாங்கள்.”

“அப்ப அம்மாவுக்கு வேண்டாமெண்டு நான் சொல்லுறன்.”

“நீ எப்பிடியடி அம்மாவுக்காகச் சொல்லுவாய்?”

“நீங்கள் எப்பிடி அம்மாவுக்காக மூழ்குவியள்?”

அதற்குமேல் நான் சொன்ன ஒன்றை எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். “செத்த வீட்டுக்கு வராதவ, செத்தபிறகு வாறாவாம்” என்றேன். அக்கா எழுந்து போய்ப் பாத்திரம் கழுவினார். கழுவிய பாத்திரத்தையே மறுபடியும் கழுவினார்.

நான்கு மாதம் அந்தப் படிவம் அக்காவின் அறையில் இருந்தது. நாங்கள் சோறு, பஸ், பிள்ளையின் இருமல் எல்லாம் கதைத்தோம். அதை மட்டும் கதைக்கவில்லை. ஒரு சனிக்கிழமை காலை சபையார் பஸ் பிடித்து ஹமில்டனுக்குப் போனார்கள். அக்கா கைப்பையில் படிவத்தை வைத்ததை நான் பார்த்தேன். அன்று பகல் முழுதும் எனக்கு வேலை ஓடவில்லை. சுவாமிப் படத்துக்கு முன்னால் போய் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை.

மாலையில் ஈரத் தலையைப் பின்னிக்கொண்டு அக்கா வந்தார். “அம்மான்ரை பேரைக் குடுக்கேல்லை” என்றார்.

“ஏன்?”

“வாசல்வரைக்கும் குடுக்கத்தான் போனனான். அம்மாவைக் கேக்கேலாது. அவவுக்குப் பக்கத்தில கடைசிவரைக்கும் இருந்தவள் நீ. நீ வேண்டாமெண்டிட்டாய். அதை மிதிச்சுக்கொண்டு உள்ளுக்குப் போக எனக்குக் கால் வரேல்லை.”

“அப்ப தலை ஏன் நனைஞ்சிருக்கு?”

“மெலேன்ரை பாட்டிமார், பூட்டிமார் பதினொரு பேர். அவவுக்குக் காதில வருத்தம், தண்ணிக்குள்ள இறங்கக்கூடாது. அவையளுக்காக நான் இறங்கினன்.”

நான் துவாயை எடுத்துக்கொண்டு வந்து அக்காவின் தலையைத் துடைத்தேன். சொன்ன சொல்லுக்கு மன்னிப்புக் கேட்டேன். “நீ சொன்னது பொய்யில்லையே” என்றார். அதுதான் எனக்கு அடிக்கு மேல் அடியாக இருந்தது. ஆனால் அன்றிலிருந்து எங்களுக்கிடையில் மறைக்க ஒன்றும் இருக்கவில்லை. வெள்ளிக்கிழமை நான் விளக்கேற்றும்போது அக்கா வந்து பக்கத்தில் இருப்பார். கும்பிடமாட்டார், எழுந்தும் போகமாட்டார்.

போன ஆண்டு குடலில் புற்றுநோய் என்று கண்டுபிடித்தார்கள். சத்திரசிகிச்சை செய்தும் பலனில்லை. சபைப் பெண்கள் நாள் பிரித்துக்கொண்டு வந்தார்கள். குளிர்சாதனப் பெட்டியின் கதவில் கையால் எழுதிய ஓர் அட்டவணை தொங்கியது: யார் துணி துவைப்பது, யார் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவது, யார் மரக்கறிச் சமையல். ஒரு பெண் பருப்புக் கறி என்று செய்து கொண்டுவந்ததில் சீனி இருந்தது. அக்கா இரண்டு கரண்டி சாப்பிட்டு நன்றி சொன்னார். கடைசி வாரம் என்னைக் கூப்பிட்டு, “என்னை எரிக்காமல் அடக்கம் செய்யவேணும். உனக்குக் கஷ்டமெண்டு தெரியும்” என்றார். நான் ஓமென்றேன். அம்மாவைப் பற்றி நான் வேண்டாம் என்றதை அவர் ஏற்றார். அவரைப் பற்றி அவரே வேண்டும் என்றதை நான் எப்படி மறுப்பது? மாமாவுக்கும் மற்றவர்களுக்கும் என்னிடம் இருக்கும் பதில் இதுதான்.

ஒரு காலைப்பொழுதில், என் கையிலும் மெலேயின் கையிலும் கை வைத்தபடி அக்கா அமைதியாகக் கண்மூடினார். அவருக்கு அவர்களின் முறைப்படி வெள்ளை உடை உடுத்தும்போது, நீங்களும் வாருங்கள் என்று மெலே என்னை அழைத்தார். சட்டைக் கையின் பொத்தான்களை நான் பூட்டினேன். என் கைப்பையில் திருநீறு இருந்தது. எடுக்கவில்லை. அடக்கம் முடிந்ததும் பிஷப் என் கணவரிடம் வந்து, உங்கள் மொழியில் ஒன்று பாடுங்கள் என்றார். என் கணவர் பதிகம் ஒன்று பாடினார். விளங்காத அந்தப் பாட்டை அத்தனை பேரும் நின்று கேட்டார்கள்.

சபையார் ஒவ்வொருவரும் நாட்குறிப்பு எழுதவேண்டுமாம். அக்காவின் மேசையில் ஒரு கொப்பி கிடைத்தது. நாள் இல்லை, நிகழ்ச்சி இல்லை. தமிழில் முழுக்கக் கேள்விகள். சிலவற்றை மொழிபெயர்த்துப் பிஷப்புக்கு வாசித்துக் காட்டினேன். மூன்றுக்குப் பதில் சொன்னார். மற்றவற்றுக்குத் தெரியாது என்று தலையை ஆட்டிவிட்டு, மொழிபெயர்ப்பை எனக்கும் எழுதித் தருவீர்களா என்று கேட்டார். கடைசிப் பக்கத்தில் இருந்தது இது: ‘அம்மா இங்கே வந்திருந்தால் ஞாயிற்றுக்கிழமை யாருக்குப் பக்கத்தில் இருந்திருப்பா?’

எங்கள் துயரத்தில் உடன்நின்ற அனைவருக்கும் நன்றி கூறுகிறேன். அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், விடுப்புக் கொடுத்து ஆறுதல் சொன்ன பள்ளிக்கூடத்தாருக்கும், தாங்கள் நம்பாத முறையில் நடந்த அடக்கத்துக்கு வேட்டியோடும் சேலையோடும் வந்து நின்ற மவுண்ட் ரோஸ்கில், ரானுயி தமிழ்க் குடும்பங்களுக்கும், அட்டவணையில் பெயர் எழுதிய பெண்களுக்கும், தெரியாததைத் தெரியாது என்று சொன்ன பிஷப்புக்கும். மெலேக்குத் தமிழில் எழுதி நன்றி சொல்வதில் பயனில்லை. இன்று வாழையிலைக்கு முன்னால் எனக்குப் பக்கத்தில் இருக்கும் பெண் அவர்தான். இதை வாசித்து முடித்தவர்கள் வந்து அவரோடு கதையுங்கள். என்ன வேண்டுமானாலும் கேளுங்கள். கேட்டால் கோபிக்கமாட்டார்.