தாமசின் சாயம் போட்ட கொடி

பஹாமாத் தீவில் நாசாவ் துறையில் ஆமைக்கறி விற்றுப் பிழைத்தவள் நான். என் குடிசைக்கு அடுத்த கூடாரத்தில் தாமசின் என்பவள் இருந்தாள். கிழிந்த கப்பல் பாய்களைத் தைப்பது அவள் தொழில். கடல் கொள்ளைக்காரர்களுக்குக் கொடி தைப்பதும் அதில் சேர்த்திதான். அவளைப் பற்றி ஊரில் யாரும் நல்லதும் சொன்னதில்லை, கெட்டதும் சொன்னதில்லை. பாய் கிழிந்தால் தேடுவார்கள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்க் கப்பல்களுக்குக் கொடிதான் பேச்சு. ராஜா அனுமதி கொடுத்துக் கொள்ளையடிக்கச் சொன்ன காலத்திலிருந்தே சிவப்பு உண்டு. அது ஏறினால் ஒருவரையும் விட மாட்டார்கள். கறுப்பு பிறகு வந்தது. மண்டையோடு போட்ட கறுப்பு ஏறினால், உன் கொடியை இறக்கு, உயிரோடு விடுகிறோம் என்று அர்த்தம். எதிரில் இருப்பவன் 'உயிர்ப்பிச்சை' என்று ஒரு குரல் கொடுத்தால் போதும், சண்டையே இராது. எங்கள் ஆண்பிள்ளைகள் சோம்பேறிகள், சண்டையில்லாமல் சர்க்கரை கிடைத்தால் வேண்டாம் என்பார்களா?

தாமசினுக்கு இருந்த ஒரே உறவு தம்பி ஜோரி. அவளே தூக்கி வளர்த்த பிள்ளை. ஜமைக்காவிலிருந்து சர்க்கரை ஏற்றி வரும் ஒரு கப்பலில் அவன் தச்சனாகச் சேர்ந்திருப்பதாகச் சேதி வந்தது. அதே கப்பலைத்தான் எங்கள் ஊர்க் கொள்ளைக்காரன் லட்ரெலின் ஆட்கள் குறிவைத்திருந்தார்கள். மற்றவளாக இருந்தால் அழுதிருப்பாள். தாமசினுக்கு முகமெல்லாம் வெளிச்சம். பிடிபட்ட கப்பலில் யாரை விட்டாலும் தச்சனை விட மாட்டார்கள், கட்டியாவது இழுத்து வருவார்கள். தம்பி வீட்டுக்கு வந்துவிடுவான் என்று கணக்குப் போட்டாள்.

லட்ரெலைத் தேடிப் போய், கறுப்பை முதலிலேயே ஏற்ற வேண்டும் என்று கேட்டாள். அவன் தலைவன் இல்லை, தலைவனுக்கு அடுத்தவன். ஆனால் சண்டையா சமாதானமா என்பது அவன் வாயில்தான் இருந்தது.

"நீ தைச்சுக் குடு தையல்காரம்மா. அவன் தலையில ஒரு முடி உதிராது," என்றான்.

ஹோண்டுராஸ் கரையில் வெட்டி வரும் சாயக்கட்டையை ஊறவைத்துக் கொதிக்கவிட்டாள். முதலில் சிவப்பாகத்தான் வரும். துருப்பிடித்த ஆணிகளைப் போட்டால்தான் கறுக்கும். ஊரெல்லாம் ஆணி பொறுக்கினாள். என் ஆமைக் கொக்கியைக்கூட விடவில்லை. அதில் தோய்த்தெடுத்த துணியில் வெள்ளை மண்டையோடு தைத்தாள். காக்கைக்குக்கூட அப்படி ஒரு கறுப்பு கிடையாது.

கப்பல் புறப்படும் முன் புதுக்கொடிக்குக் குடிக்கக் கொடுப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். எலுமிச்சை பிழிந்த ரம்மை ஒரு தொட்டியில் நிரப்பி, கொடியை அதில் முக்கி, மிச்சத்தைத் தாங்கள் குடிப்பார்கள். அன்று எலுமிச்சை மலிவு. ரம்தான் குறைவு. வாரி வாரிப் பிழிந்தார்கள். பாட்டும் கூத்துமாகக் கொடியை நனைத்து, ஈரத்தோடு சுருட்டிக் கீழே போட்டுவிட்டுப் பாய் விரித்தார்கள். கரையில் தாமசின் எனக்குக் கை காட்டிச் சிரித்தாள். அப்படிச் சிரித்து நான் பார்த்ததே இல்லை.

பிறகு நடந்தது, சர்க்கரைக் கப்பலிலிருந்து பிடிபட்டு வந்த சமையல்காரன் சொல்லித்தான் தெரியும். எங்கிருந்து வருகிறீர்கள் என்று சர்க்கரைக் கப்பல்காரர்கள் கேட்டார்களாம். கடலிலிருந்து என்று லட்ரெலின் ஆட்கள் பதில் சொன்னார்களாம். கூடவே கொடி ஏறியிருக்கிறது. எலுமிச்சைப் புளிப்பில் ஆணியின் கறுப்பெல்லாம் கழன்று, கொடி செக்கச்செவேலென்று இருந்திருக்கிறது.

"சிவப்பப் பாத்ததும் எங்க கப்டன் சொன்னாரு, இறக்கினாலும் வெட்டத்தான் போறானுங்க, நின்னு சாவோம்னு. யாரும் உயிர்ப்பிச்சை கேக்கல. தச்சப் பையன் கோடாலியோட முன்னாடி நின்னான்," என்றான் சமையல்காரன்.

லட்ரெலின் ஆட்களிலும் ஒருவன் மேலே கொடியைப் பார்த்தானாம். கொடிக்கு வெட்கம் வந்துவிட்டது என்று சிரித்தானாம். மண்டையோடு தெரிகிறதே, போதாதா? மூடர்கள். ஒருவனுக்காவது அதை இறக்கத் தோன்றவில்லை. எதிரிலிருந்து குண்டு வந்த பிறகு கறுப்பாவது சிவப்பாவது, எல்லோரும் வெட்டினார்கள். ஜோரி அங்கேயே விழுந்தான்.

லட்ரெல் கொடியைக் கொண்டுவந்து தாமசின் மடியில் போட்டான். மன்னிப்புக் கேட்டானோ என்னவோ, எனக்குக் கேட்கவில்லை. அவள் துணியை மோந்து பார்த்தாள்.

"எலுமிச்சையா?" என்று மட்டும் கேட்டாள்.

அவன் தலையாட்டினான்.

அவள் அழவில்லை. அடுத்த வாரமே வேறு கப்பல்காரன் ஒருவன் துணியோடு வந்தான், கறுப்பில் ஒன்று வேண்டும் என்று. அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"கறுப்பு தைக்கிறதில்ல. சிவப்புன்னா குடுத்துட்டுப் போ. அது சொன்னா சொன்னதுதான்."

அவன் யோசித்தான். பிறகு துணியைக் கொடுத்துவிட்டுப் போனான். அவளும் தைத்தாள்.