ஐந்து நிமிஷம், யார் நடந்து?

“அஞ்சு நிமிஷம்னா யாரு நடந்து?” ஐயாசாமி போனை ஸ்பீக்கரில் போட்டு, சாப்பாட்டு மேசையில் மல்லாக்கப் படுக்க வைத்து, அதையே முறைத்துக்கொண்டிருக்கிறார். பேச்சு மலாயில்தான், ஆனால் முறைப்பு சுத்தத் தமிழ். “யாரு நடந்தாலும் அஞ்சு நிமிஷம்தான், பாக்சிக்” என்று மரியாதைக்கு ஒரு மாமா போட்டுச் சொல்கிறது போன். “நீங்க நடந்து பாத்தீங்களா? எப்போ? கையில பை இருந்துச்சா?” லைன் அறுந்துபோகிறது. ஐயாசாமி நோட்டுப் புத்தகத்தில் அந்தத் தங்கும் விடுதியின் பெயரைக் குறுக்கே கோடு போட்டு அடிக்கிறார். இந்த வாரத்தில் இது ஆறாவது கோடு.

மாசாயில் அடுக்குமாடி வீடு, கீழ்த்தளம். பாசிர் கூடாங்கில் ஒரு தொழிற்சாலை வாசலில் இருபத்தேழு வருஷம் காவலுக்கு நிற்கும் ஜாகா வேலை. உள்ளே வருகிற லாரிக்கு அடியில் நீளக் குச்சியில் மாட்டிய கண்ணாடியை விட்டுப் பார்ப்பதுதான் அவர் தொழில். அத்தனை வருஷத்தில் அந்தக் கண்ணாடியில் மாட்டியது ஒரே ஒரு பூனை. அதற்காக மனிதர் சோர்ந்துவிடவில்லை. “இன்னிக்கு இல்லன்னா நாளைக்கும் இருக்காதுன்னு யாரு சொன்னா?” என்பார். வேலையை விட்டு வந்தபோது கண்ணாடியும் கூடவே வந்துவிட்டது. “குடுத்தாங்க” என்கிறார். கொடுத்த ஆளின் பெயரைக் கேட்டால் தண்ணீர் குடிக்க எழுந்துபோய்விடுவார்.

இப்போது அந்தக் கண்ணாடி வாரம் ஒருமுறை ஐஸ்பெட்டிக்கு அடியில் போய்வருகிறது. ரொட்டிச் சானாயைத் திருப்பிப் போட்டு முதுகைப் பார்த்துவிட்டுத்தான் தின்பார். பேரங்காடியில் மலிவு விலை என்று ஒட்டியிருக்கும் தாளை நகத்தால் உரித்து, அடியில் இருக்கும் பழைய விலையைப் படிப்பார். கோயிலில் பூசாரி விபூதி கொடுத்தால்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் நெற்றிக்குக் கொண்டுபோவார். சாமி இதையெல்லாம் கண்டுகொள்வதில்லை.

விடுதி விவகாரத்தைத் தொடங்கிவைத்தவர் அவர் மனைவி புஷ்பவள்ளி. ஒருநாள் வெங்காயம் உரித்துக்கொண்டே, “கடல பாத்து எவ்ளோ நாளாச்சி, இல்லங்க?” என்றார். அவ்வளவுதான். பாலம் தாண்டிச் சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் மகள் பிரேமலா அன்றைக்கே போனைத் தட்டி, மெர்சிங்கிலிருந்து படகில் போகிற ஒரு குட்டித் தீவைக் கண்டுபிடித்துவிட்டாள். “நம்மகிட்ட கார் இல்லைன்னு கவலையே வேணாம்பா. அங்க ரோடே கெடையாது. யாருக்குமே கார் இல்ல. எல்லாரும் நடக்கிறதுதான்.” நல்ல சேதி சொல்வதாகத்தான் அவள் நினைத்தாள். ஐயாசாமி அன்று இரண்டாவது கோப்பித்தண்ணி கேட்கவில்லை.

மறுநாளிலிருந்து விசாரணை. முதலில் படங்கள். “எல்லாம் தண்ணி ஏறினப்ப புடிச்ச போட்டோ. தண்ணி எறங்கினா படகு எங்க நிக்கும்? யாராச்சும் காட்றானா?” பிறகு படத்தில் இருக்கிற ஆட்கள். “இதுல ஒரு வயசானவங்க இருக்காங்களா பாரு. எல்லாம் குதிக்கிற கூட்டம். நடக்கிற படம் ஒண்ணுகூட இல்ல.” பிரேமலா தலையில் அடித்துக்கொண்டாள். “அலமாக்! மொட்டத் தலைக்கும் மொழங்காலுக்கும் முடிச்சு போடாதீங்கப்பா!” முடிச்சு உண்மையிலேயே முழங்காலில்தான் இருந்தது.

ஒரு விடுதிக்காரர், படகு நிற்கும் இடத்திலிருந்து அறைவரை குட்டி வண்டியில் கூட்டிப் போவதாகச் சொன்னார். “இப்ப ஸ்டார்ட் பண்ணுங்க, கேக்கறேன்” என்றார் ஐயாசாமி. அந்த மனிதர் நல்லவர், போனோடு போய் வண்டியில் ஏறி உட்கார்ந்து, “ஓடுது பாக்சிக், ஓடுது!” என்று கத்தினார். காற்றுச் சத்தம் கேட்டது, கோழிச் சத்தம் கேட்டது, இஞ்சின் சத்தம் மட்டும் கேட்கவில்லை. ஐயாசாமி கோடு போட்டுவிட்டார். சாயங்காலம் விஷயம் தெரிந்து பிரேமலா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். “அது பேட்டரி வண்டிப்பா! சத்தம் வராது!” அவசரமாகத் திரும்பக் கூப்பிட்டால், அறையை அதற்குள் வேறு யாரோ பிடித்துவிட்டார்கள். தப்பை ஒப்புக்கொள்கிற வழக்கம் நம் ஆளிடம் இல்லை. “சத்தம் போடாம வர்ற வண்டிய நான் எப்படி நம்புறது?” என்றார்.

மூவாரில் இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு கல்யாணம். வண்டி நிறுத்திய இடத்துக்கும் மண்டபத்துக்கும் நடுவில் நீளமான வெயில். பாதி வழியில் புஷ்பவள்ளியின் முட்டி மடங்கிவிட்டது. யாரோ ஓடிப்போய்ச் சக்கர நாற்காலி கொண்டுவந்தார்கள். பட்டுச்சேலையோடு அதில் உட்கார வைத்துத் தள்ளிக்கொண்டு போனபோது, மண்டபமே பொண்ணு மாப்பிள்ளையை விட்டுவிட்டு இவரைத் திரும்பிப் பார்த்தது. அதற்குப் பிறகு எந்த விசேஷத்துக்கும் தலைவலி. பக்கத்துத் தெரு பூஜைக்கும் தலைவலி. அப்படி வீட்டோடு கிடந்தவர் தானாக வாய்திறந்து கேட்டது அந்தக் கடல் ஒன்றுதான். அங்கேயும் பாதி வழியில், நாலு பேர் பார்க்க, முட்டி மடங்கினால் இனி வாசலைத் தாண்டமாட்டார். இதை ஐயாசாமி யாரிடமும் சொல்லவில்லை. சந்தேகப் பேர்வழி என்ற பெயர் ஏற்கெனவே இருந்ததால் அதற்குள்ளேயே வைத்துப் பூட்டிக்கொண்டார்.

புஷ்பவள்ளியால் எவ்வளவு தூரம் நடக்க முடியும் என்று ஓர் அளவு வேண்டுமே! “லிப்ட்டு பக்கம் பூனை கத்துது, வா பாக்கலாம்” என்று தினம் ஒரு பொய் சொல்லி மனைவியை வீடுகளின் முன்னால் ஓடும் நீள நடையில் கூட்டிப்போனார். பின்னால் நடந்தபடி உதட்டுக்குள் அடிகளை எண்ணினார். “என்ன மொணமொணக்கிறீங்க?” “சாமி கும்புடுறேன்.” “லிப்ட்டையா?” நூற்றறுபது அடி ஆனதும் புஷ்பவள்ளி ஒவ்வொரு நாளும் அதே வரிசையில் இருக்கும் கிருஷ்ணம்மா வீட்டுச் சன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றுவிடுவார். “இந்த ரோஜா எவ்ளோ அழகா பூத்திருக்கு பாருங்க.” அது பிளாஸ்டிக் ரோஜா. தொட்டியில் தூசிகூடப் படிந்திருந்தது. “ஆமா, நல்லா பூத்திருக்கு” என்றார் ஐயாசாமி. வாழ்க்கையில் அவர் குச்சிக் கண்ணாடியை விட்டுப் பார்க்காமல் உள்ளே அனுப்பிய பொய் அது ஒன்றுதான்.

ஏழாவதாக அகப்பட்டவர் ஜைத்தோன் என்ற மலாய்க்கார அம்மா. நான்கே அறை வைத்திருப்பவர். எவ்வளவு தூரம் என்றதும், “தெரியலையே. அளந்ததில்ல. இருங்க” என்று போனோடு நடக்க ஆரம்பித்துவிட்டார். சத்து, துவா, தீகா என்று மலாயில் எண்ணிக்கை வந்தது, கூடவே செருப்புச் சத்தம். நடுவில் யாரையோ நிறுத்தித் திட்டினார். திட்டியதில் எண்ணிக்கை மறந்துபோய், மறுபடி படகுத்துறைக்கே போய் முதலிலிருந்து எண்ணினார். இருநூற்றுப் பத்து. ஐயாசாமி பேனாவைத் திறந்தார். “உங்க ஒயரம் என்ன?”

அந்தப் பக்கம் ஒரே சிரிப்பு. “பாக்சிக், ஒங்களுக்கு ரூம் வேணுமா, பொண்ணு வேணுமா?”

ஐயாசாமி அடுப்படிப் பக்கம் ஒருமுறை பார்த்தார். ஸ்பீக்கரை அணைத்தார். போனைக் காதோடு ஒட்டிக்கொண்டு, “என் வீட்டம்மாவுக்கு முட்டி” என்றார். ஜைத்தோன் சிரிப்பை நிறுத்தி, “நான் குள்ளம்தான், பாக்சிக். சின்னச் சின்ன அடி” என்றார். நூற்றறுபதாவது அடியில் என்ன இருக்கிறது என்று கேட்டதற்கு ஒரு தென்னை மரம் என்று பதில் வந்தது. உட்கார ஏதாவது? ஒன்றும் இல்லை. அறையை எடுத்துக்கொண்டார். ஆனாலும் நோட்டில், “நல்லா எண்ணுறாங்க. அதுக்காக நம்பிட முடியாது” என்று எழுதிவைத்தார். வாசல் காவலில் உட்கார்ந்து பழகிய மடக்கு ஸ்டூலைத் துடைத்து, அரிசிப் பையில் போட்டுக் கட்டினார்.

சனிக்கிழமை, தண்ணீர் ஏறியிருக்கும் நேரம் பார்த்து எடுத்த படகு. தீவில் இறங்கியதும் பிரேமலா பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னால் போய்விட்டாள். புஷ்பவள்ளி புதுச் செருப்பில் மெல்ல நடந்தார். பின்னால் ஐயாசாமி, கக்கத்தில் அரிசிப் பை, உதட்டில் எண்ணிக்கை. நூற்றிருபதில் நடை சுருங்கியது. நூற்று நாற்பதில், பிடித்துக்கொள்ள எதுவும் இல்லாமல் கை காற்றில் அலைந்தது. “அந்த தென்ன மரம் அழகா இருக்குல்லங்க?” என்றார் புஷ்பவள்ளி.

மரத்தடியில் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலி கிடந்தது. பக்கத்தில் ஆள் இல்லை. தூரத்தில், அறைகளின் முன்னால், ஒரு குள்ளமான அம்மா இவர்களுக்கு முதுகைக் காட்டியபடி, கூட்டிய மணலையே திரும்பத் திரும்பக் கூட்டிக்கொண்டிருந்தார்.

ஐயாசாமி விரைந்து முன்னால் போனார். அண்ணாந்து தேங்காய்க் குலையைப் பார்த்து, நாற்காலியை நாலு முழம் தள்ளி இழுத்தார். கவிழ்த்து நாலு காலின் அடியையும் பார்த்தார். தானே உட்கார்ந்து ஒரு குலுக்குக் குலுக்கினார். பிறகு எழுந்து, சட்டைக் கையால் அதைத் துடைத்து, கடலைப் பார்க்கத் திருப்பி வைத்தார்.

“எனக்குக் கால் வலிக்குது, வள்ளி. செத்த ஒக்காந்துட்டு போலாம்” என்று சொல்லிவிட்டு, அரிசிப் பையின் கட்டை அவிழ்த்தார்.