காலக்கோட்டைத் தாண்டிப் போன கல்யாணம்

எதையாவது நோண்டிப் பார்க்காமல் இருக்க எனக்குத் தெரியாது. காலக்கோடு வரையும் ஓர் இணையத்தளம் கண்ணில் பட்டதும் அரை நாள் அதிலேயே போய்விட்டது. சம்பவங்களை எப்படிக் குழப்பிக் கொடுத்தாலும் அது திகதி பார்த்துத் தானாக வரிசைப்படுத்திவிடும். கண்டி இராச்சியம் வீழ்ந்ததற்கு முன்னால் என் பிறப்பைப் போட்டுப் பார்த்தேன். அது ஏமாறவில்லை.

நாவலப்பிட்டியில் நான் வரலாறு படிப்பிக்கும் ஒன்பதாம் தரப் பிள்ளைகளிடம், மன்னர்கள் பிறகு வரட்டும், முதலில் உங்கள் குடும்பத்தைப் போடுங்கள் என்றேன். வீட்டிலுள்ள பத்திரங்களைப் பார்த்து ஐந்து திகதிகள் எழுதிவர வேண்டும். மாதிரிக்கு என் காலக்கோட்டையும் செய்து காட்டினேன்: பிறந்தது, பள்ளிக்கூடம் சேர்ந்தது, நியமனம் கிடைத்தது.

மறுநாள் கணினி அறையில், தேயிலைத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் ஒரு பிள்ளைதான் முதலில் உட்கார்ந்தாள். அவள் தட்டுவதெல்லாம் சுவரில் பெரிதாகத் தெரிந்தது. அம்மா அப்பா கல்யாணம், அடுத்து தன் பிறப்பு. உடனே கல்யாணம் நகர்ந்து, அவள் பிறப்பைத் தாண்டி, ஐந்து வருடம் தள்ளிப் போய் நின்றது.

பின்னால் ஒருத்தி களுக்கென்று சிரித்தாள். பிறகு வகுப்பே சிரித்தது. கணினி முன் இருந்தவள் கைகளை மடியில் வைத்துக்கொண்டு, திகதி பிழையாக இருக்கும் என்று முணுமுணுத்தாள்.

பிழையே இல்லை. எங்கள் பக்கம் பலர் கோயிலில் தாலி கட்டிக் குடும்பம் நடத்துவார்கள். யாராவது பத்திரம் கேட்கும்போதுதான் பதிவுக்குப் போவார்கள். பத்திரத்தில் இருப்பது அந்த நாள். இதையெல்லாம் விளக்கினேன். யார் காதிலும் ஏறவில்லை. எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது, என் மேலேயே. பத்திரத்தைப் பார்க்கச் சொன்னவள் நான்தானே.

மௌஸை வாங்கி என் காலக்கோட்டைத் திறந்தேன். என் பெற்றோரின் கல்யாணப் பதிவைச் சேர்த்தேன். அது என் பிறப்பைத் தாண்டி, நான் பள்ளிக்கூடம் சேர்ந்ததையும் தாண்டிப் போய் உட்கார்ந்தது. அன்றைக்குப் பதிவுக் கந்தோருக்கு நானும் போனதையும், முன்பல் இரண்டும் விழுந்திருந்ததையும், அப்பா ஐஸ்கிறீம் வாங்கித் தந்ததையும் சொன்னேன்.

சிரிப்பு அடங்கியது. இன்னொருத்தி, தங்கள் வீட்டிலும் அப்படித்தான் என்றாள். மேலும் இரண்டு கைகள் உயர்ந்தன. யார் வீட்டில் அதிகம் பிந்தியது என்று ஒரு வாக்குவாதமே தொடங்கிவிட்டது.

அந்தப் பிள்ளை மட்டும் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து ஏன் டீச்சர் இதப் போடல?"

நல்ல கேள்வி. நேற்று அந்தத் திகதி எனக்கு மறந்துபோயிருக்கவில்லை.

"வெக்கமா இருந்துச்சு" என்றேன்.

 அவள் மௌஸைக் கேட்டு வாங்கித் தன் காலக்கோட்டுக்குப் போனாள். அம்மா அப்பா கல்யாணத்துக்குக் கீழே ஒரு வரி சேர்த்தாள்: அன்றைக்கு நானும் போயிருந்தேன்.